வெற்றிலை பாக்கோடு வந்த லேப்டாப்

நான் கடிப்பேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. எங்கள் வீட்டில் வாய் பேசி முடிப்பதற்குள் கை பேசிவிடும். கை சின்னதாக இருந்த காலத்தில் எனக்குப் பல்தான் உதவியது, அந்தப் பழக்கம் அப்படியே ஒட்டிக்கொண்டது. அப்பா அடிப்பார். அம்மாவின் அண்ணன், என் தாய்மாமன், அவரும் அடிப்பார். இந்த இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் அடித்துக்கொள்வதற்காகவே சம்பந்தம் செய்துகொண்டார்கள் என்று ஊரில் சிரிப்பார்கள். அம்மா மட்டும் யாரையும் அடித்ததில்லை. வாங்கிக்கொள்வாள்.

அவர்கள் சண்டைக்கு என் காதே சாட்சி. எனக்குக் காதுகுத்து வைத்தபோது மாமா சீர் கொண்டு வந்தார். எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள், விருந்துக்குக் கிடாயும் அவர் கொண்டு வர வேண்டும். கிடா வந்தது. அதை அப்பா சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, பந்தலில் இருந்த அத்தனை பேர் காதிலும் விழுகிற மாதிரி, "மச்சான், இது கிடாயா, இல்ல பூனையப் புடிச்சுக் கயிறு கட்டிக் கொண்டாந்துட்டீகளா?" என்று கேட்டிருக்கிறார். மடியில் நான் இருப்பதையே மறந்து மாமா துள்ளி எழுந்தார். ஆசாரி கையில் ஊசி பாதியில் இருந்தது. என் இடது காது ஓட்டை இன்றைக்கும் கோணல்தான், எந்தத் தோடு போட்டாலும் ஒரு பக்கம் வானத்தைப் பார்க்கும். சீர்த்தட்டில் இருந்த தேங்காயை எடுத்து அப்பா மண்டையில் உடைத்துவிட்டுப் போன மாமா, அதற்குப் பிறகு பல வருசம் எங்கள் வாசலை மிதிக்கவே இல்லை.

அம்மாவுக்குக் கூடப் பிறந்தவர் அவர் ஒருத்தர்தான். தாயும் தகப்பனும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கல்யாணம், இழவு என்று எங்கேயாவது கூட்டத்தில் அண்ணனைத் தூரத்தில் பார்த்தால், முந்தியால் வாயைப் பொத்திக்கொண்டு நின்று பார்த்துவிட்டு வருவாள். அது அப்பாவுக்குத் தெரிந்தால் அதற்கும் ஒன்று விழும்.

எனக்கு மதுரையில் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைத்தது. எங்கள் ஊர் மேலூருக்கும் உள்ளே தள்ளி, பஸ் வந்தால் வந்தது, வராவிட்டால் இல்லை. அதனால் ஹாஸ்டல். சேர்க்கை அன்றே கல்லூரியில் சொல்லிவிட்டார்கள், வகுப்பு தொடங்கும்போது ஆளுக்கொரு லேப்டாப் கையோடு கொண்டு வர வேண்டும். நான் அதுவரை லேப்டாப்பைத் தொட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் அறைக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை ஹெட்மாஸ்டர் இடுப்பிலேயே வைத்திருந்தார். ஜன்னல் வழியாக அந்தக் கறுப்புப் பெட்டிகளை எட்டி எட்டிப் பார்த்தவள் நான். எனக்கென்று ஒன்று வரப்போகிறது என்றதும் சோறு இறங்கவில்லை.

அப்பா வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு என்னை மதுரைக்குக் கூட்டிப் போனார். வயலில் கதிர் அறுக்கிற மிஷின் ஓட்டுகிறவர் அவர். எந்த மிஷினைப் பார்த்தாலும் அதன் வயிற்றைத் திறந்து பார்க்காமல் விடமாட்டார். கண்ணாடிக் கதவு போட்ட பெரிய கடை, உள்ளே குளுகுளு என்று இருந்தது. விற்கிற பையன் ரேம், பிராசஸர் என்று என்னைப் பார்த்தே பேசிக்கொண்டிருந்தான். அப்பா நடுவில் புகுந்தார்.

"தம்பி, இது சூடாகுமா?"

"உள்ள ஃபேன் இருக்கு சார்."

"எங்க, காட்டு."

"அதெல்லாம் காட்ட முடியாது சார். திறந்தா வாரண்டி போயிரும்."

"காட்ட முடியாதத நா எப்படி நம்பி வாங்குறது?"

நியாயமான கேள்விதான். ஆனால் அவன் சிரித்தான். அப்பாவுக்குச் சிரிப்பு ஆகாது. மூடி எவ்வளவு தூரம் வளைகிறது என்று பார்க்கிறேன் பேர்வழி என்று, மிஷின் மூடியைத் தள்ளுகிற தள்ளில் ஒரு தள்ளுத் தள்ளினார். 'டக்' என்று ஒரு சத்தம். திரை தொங்கியது. பையன் முகம் செத்துப்போனது. பக்கத்தில் இருந்தவனிடம் திரும்பி, மெதுவாகத்தான் சொன்னான், "மாட்டுக் கொட்டத்துல இருந்து நேரா இங்கதான் வந்துர்றாங்கடா."

அப்பாவுக்குக் கேட்டிருக்கக் கூடாதே என்று வேண்டிக்கொண்டேன். கேட்டுவிட்டது. அவர் விட்ட அறையில் பையன் பின்னால் இருந்த அலமாரியில் போய் விழுந்தான், மேலிருந்த டப்பாக்கள் அவன் தலையில் சரிந்தன. கடைக்காரர்கள் நாலு பக்கமும் ஓடி வந்தார்கள். ஒருத்தன் அப்பாவின் கழுத்தைப் பிடித்தான், இன்னொருத்தன் முதுகில் முழங்கையால் குத்தினான். நான் கழுத்தைப் பிடித்தவனின் முழங்கையைக் கடித்தேன். கண்ணாடிக் கதவைத் திறந்து எங்கள் இரண்டு பேரையும் வெயிலில் தள்ளினார்கள். அப்பாவின் சட்டைப் பை கிழிந்து தொங்கியது.

"வேற கடை பாப்பம்ப்பா" என்றேன்.

"இனிமே இந்த டவுனுல எவன் கடையிலயும் ஏற மாட்டேன். ஏறுனா எம் மீசைய எடுத்துர்றேன்."

"அடிச்சது நீங்க. படிப்பு எனக்கு. உங்க மீசைக்கு நா என்ன பாவம் பண்ணேன்?"

கையை ஓங்கினார். அந்த வீதியில் அத்தனை ஜனம். நான் நகரவில்லை. பல்லைக் காட்டினேன். ஓங்கின கையால் தலையைச் சொறிந்துகொண்டு அவர் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார். வழியெல்லாம் நான் அழுதது ஆத்திரத்தில்தான், அடி விழாத நிம்மதியில் இல்லை.

மாமாவுக்கு வண்டியூரில் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் லாரி செட். அந்தக் கடைக்குச் சரக்கு இறக்குவது அவர் வண்டிதான் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. அப்பா அடித்ததும், அடி வாங்கியதும், லேப்டாப் இல்லாமல் நாங்கள் திரும்பியதும் அவர் காதுக்கு உடனே போய்விட்டது. அவர் மகன் அந்தச் செட்டில்தான் இருந்தான், படிப்பைப் பள்ளிக்கூடத்தோடு விட்டவன். என்னைவிடப் பெரியவன், கோயில் திருவிழாவில் பார்த்தால் "ஏ புள்ள, மாமன் மகனுக்குச் சிரிக்கக்கூட மாட்டியா?" என்று வழியை மறிப்பான். மாமாவுக்கு அவன் ஒரே மகன். எனக்கு அவர் ஒரே தாய்மாமன். இந்தக் கணக்கைக் கூட்டிப் பார்க்க எங்கள் ஊரில் யாருக்கும் விரல் தேவையில்லை.

அப்பா வயலில் இருந்த ஒரு மத்தியானம், எங்கள் தெருவில் மேளச் சத்தம் கேட்டது. யார் வீட்டு விசேஷம் என்று எட்டிப் பார்த்தேன். வேனிலிருந்து மாமா இறங்கினார். பின்னால் பட்டுச்சேலை கட்டின பெண்கள், கையில் தாம்பாளங்கள். பழம், பூ, கல்கண்டு. நடுவில் மாமா மகன், சலவை வேட்டியில். அவன் கையில் இருந்த தாம்பாளத்தில் ஒரு லேப்டாப். மூடியின் மேல் சந்தனத்தைத் தடவிக் குங்குமப் பொட்டு வைத்திருந்தார்கள். பக்கத்தில் முழுத் தேங்காய். அதற்கும் பக்கத்தில் வெற்றிலை பாக்கு.

எங்கள் பக்கம் வெறும் தட்டு வந்தால் அது அன்பளிப்பு. அதே தட்டில் வெற்றிலை பாக்கை வைத்து, மகன் இருக்கிறவர் நீட்டி, மகள் இருக்கிறவர் இரண்டு கையாலும் வாங்கிவிட்டால், பெண் கொடுத்தாகிவிட்டது. எழுத்து வேண்டாம், சாட்சி வேண்டாம். வாங்கிய கை சாட்சி. ஊரே கூடி மேளத்தோடு பார்த்த பிறகு அதை யாராலும் மாற்ற முடியாது.

மாமா வாசலுக்கு வெளியே நின்றார். "ஏத்தா, உள்ள வரலாமா?"

அம்மா அடுப்படியிலிருந்து வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். "வாங்கண்ணே" என்றாள்.

"மருமக காலேசுக்குப் போறாளாம்ல. வெறுங்கையோட போகவா? நா என்ன செத்தா போயிட்டேன்? தட்ட வாங்கிக்க தாயி."

"அம்மா, வாங்காத!" என்று கத்தினேன். "வெத்தல இருக்கு, பாரு! வாங்காத!"

அம்மா என்னைப் பார்க்கவில்லை. தட்டையும் பார்க்கவில்லை. எங்கள் நிலைப்படிக்குள் வந்திருந்த அண்ணனின் கால்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு கையையும் நீட்டினாள். வாங்கினாள். மேளக்காரர் கெட்டிமேளம் தட்டினார். வெற்றிலையைக் கவனிக்கவில்லை என்று பிறகு சொன்னாள். பொய். அவர்கள் போனதும் அந்த வெற்றிலையையும் பாக்கையும் பத்திரமாக எடுத்துச் சாமி படத்துக்குப் பின்னால் செருகினாளே, அது என்ன கவனிக்காத லட்சணமா?

எனக்கு அந்த லேப்டாப் மேல் ஆசை இருந்தது. அதையும் மறைக்க மாட்டேன். மாமா வைத்துவிட்டுப் போன பையில், எங்களைத் தள்ளிவிட்ட அதே கடையின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. மூடியைத் திறந்தேன். கறுப்புத் திரையில் என் மூஞ்சி தெரிந்தது. பட்டனை அமுக்கினால் அது விழித்துக்கொள்ளும். அமுக்கினால் நான் அந்தச் சலவை வேட்டிக்குச் சொந்தம். மூடிவிட்டேன்.

அப்பா செய்தி கேட்டுத்தான் வந்தார். காலில் சேறு காயவில்லை. கூடத்தில் தாம்பாளத்தைப் பார்த்தார், கடைப் பையைப் பார்த்தார். கத்தவில்லை. அம்மாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"வெத்தல பாக்கு இருந்துச்சா?"

அவள் கண் சாமி படத்துப் பக்கம் போனது. அது போதும். முதல் அடியில் அவள் சுவரில் மோதினாள். இரண்டாவதில் உட்கார்ந்துவிட்டாள். முடியைப் பிடித்துத் தூக்கினார். "எம்மவள எவனுக்குடி தூக்கிக் குடுத்த? எம் மண்டைய ஒடச்சவன் வீட்டுக்கா?" நான் பாய்ந்து அவர் மணிக்கட்டைக் கடித்தேன். விடவில்லை. என் முதுகில் விழுந்த குத்து ஒவ்வொன்றும் நெஞ்சு வரை இறங்கியது, அப்போதும் விடவில்லை. வாயில் உப்புக் கரித்தது. கடைசியில் அவர்தான் அம்மாவின் முடியை விட்டார்.

விட்ட கையால் லேப்டாப்பைத் தலைக்கு மேல் தூக்கினார். தரையில் அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. மூச்சு வாங்க அப்படியே நின்றார். பிறகு மெதுவாக அதைத் தாம்பாளத்திலேயே வைத்தார். உடைத்தால் அனுபவித்ததாக ஆகிவிடும், அனுபவித்தால் சம்மதம் என்று ஆகிவிடும். அவ்வளவு ஆத்திரத்திலும் அந்த முறை அவருக்கு மறக்கவில்லை. அதனால் யாரும் தொடாமல், தேங்காயோடு, பொட்டோடு அது எங்கள் பீரோவின் மேல் ஏறிக்கொண்டது.

மறுநாள் காலையில் அதை எடுத்துக்கொண்டு வண்டியூருக்குப் பைக்கில் போனார். வந்தபோது மூக்கிலிருந்து ரத்தம் மீசை வரை காய்ந்திருந்தது. லேப்டாப்பும் தேங்காயும் தாம்பாளத்தோடு திரும்பி வந்திருந்தன. தாம்பாளத்தின் விளிம்பு நெளிந்திருந்தது. எதில் பட்டு நெளிந்தது என்று கேட்கத் தேவையில்லை, மூக்கைப் பார்த்தாலே தெரிந்தது.

"ஒங்கையிலயா குடுத்தேன்னு கேக்குறான்டி ஒங்கண்ணன்" என்று அம்மாவிடம் கத்தினார். "வாங்குன கை கொண்டாந்து குடுக்கட்டுங்குறான். கெளம்பு. இப்பயே கெளம்பு."

அம்மா கிளம்பவில்லை. "எங்கண்ணே இம்புட்டு வருசம் கழிச்சு எம் வாசல மிதிச்சிருக்கு. அந்தக் காலுல நா மண்ணள்ளிப் போட மாட்டேன்" என்றாள். அடித்தார். "அடி. கொல்லு. குடுக்க மாட்டேன்" என்றாள். அன்றும் அடித்தார், அடுத்த நாளும் அடித்தார். அவள் அசையவில்லை. தாங்க முடியாமல் நான்தான் கத்தினேன்.

"ஒனக்கு அண்ணே வேணும்னா, அதுக்கு என்னையவா தூக்கிக் குடுப்ப? நா என்ன தேங்காயா, பழமா, தட்டுல வச்சு மாத்திக்க?"

அம்மா என்னை அறைந்தாள். என் வாழ்க்கையில் அவள் கை என் மேல் விழுந்தது அந்த ஒரே தடவைதான். கன்னத்தைவிடக் காது அதிகமாக எரிந்தது, அந்தக் கோணல் காது. அப்பா அடித்த எந்த அடியும் எனக்கு அப்படி வலித்ததில்லை. அறைந்துவிட்டுத் தன் உள்ளங்கையை அவளே வெறித்துப் பார்த்தாள். அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை.

மாமா சும்மா இருக்கவில்லை. ஆள் மேல் ஆள் விட்டார். மருமகள் ஹாஸ்டலில் தங்கக் கூடாதாம், வண்டியூர் வீட்டிலிருந்தே காலேஜுக்குப் போகலாமாம், ஆவணியில் கல்யாணத்தை முடித்துவிட்டால் படிப்பை அப்புறம் பார்த்துக்கொள்ளலாமாம். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தாலி கட்டிக்கொண்டு போன எந்தப் பெண்ணும் எங்கள் ஊரில் பரீட்சை எழுதி நான் பார்த்ததில்லை. அப்பா பதிலுக்கு, "அவன் மூஞ்சியிலயே ஹாஸ்டல்லதான் சேப்பேன்" என்று மீசையை முறுக்கினார். நான் படிக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் அதைவிட மாமா தோற்க வேண்டும் என்ற ஆசை பெரிதாக இருந்தது. என் படிப்பு இப்படித்தான், ஒருத்தர் வீம்புக்குத் தடுத்தார், இன்னொருத்தர் வீம்புக்கு அனுப்பினார். லேப்டாப்பைப் பற்றி இரண்டு பேருமே மறந்துவிட்டார்கள். மறுபடி பீரோ மேல் ஏறிய தேங்காய் அழுகி வீடெல்லாம் நாறியது.

கல்லூரி திறக்கிற அன்று காலையில் மூன்று பேரும் பஸ்ஸில் போனோம். அப்பா தலையில் என் டிரங்குப் பெட்டி. அம்மா கையில் ஒரு கட்டைப்பை, மேலே முறுக்கு டப்பா தெரிந்தது. அதை அவள் யாரிடமும் கொடுக்கவில்லை, பஸ்ஸில்கூட மடியிலேயே வைத்திருந்தாள். என் பக்கம் திரும்பவில்லை. நானும் திரும்பவில்லை.

கல்லூரி வாசலில் ஒரே கூட்டம். புதுப்பை, புதுச்செருப்பு, தோளில் லேப்டாப் பையோடு பிள்ளைகள், பக்கத்தில் தாய் தகப்பன்கள். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் மாமாவின் கார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது. மாமா வந்து டிரங்குப் பெட்டியில் கை வைத்தார்.

"மருமகளே, வண்டில ஏறு. மாப்ள, பெட்டிய எறக்குங்க."

"மச்சான், கைய எடுங்க."

"தட்ட வாங்குனதுக்கப்புறம் அது எம்புள்ள. எம்புள்ள கண்ட எடத்துல தங்காது."

"ஒம்புள்ளையாடா?" என்று அப்பா பெட்டியோடு மாமா மேல் விழுந்தார். பெட்டி திறந்து என் துணிமணியெல்லாம் ரோட்டில் சிதறின. இரண்டு பேரும் என் புதுச் சுடிதார் மேலேயே உருண்டார்கள். மாமா அப்பாவின் காதைப் பிடித்துத் தலையைத் தார் ரோட்டில் இடித்தார். அப்பா மாமாவின் வயிற்றில் முட்டியை ஏற்றினார். வாட்ச்மேன் விசில் ஊதினார், ஊதிக்கொண்டே இருந்தார், கிட்டே வரவில்லை. பிள்ளைகளைத் தாய்மார்கள் இழுத்துக்கொண்டு ஒதுங்கினார்கள். மாமா உடம்பில் பெரியவர். புரண்டு மேலே ஏறி அப்பாவின் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, இரண்டு கையாலும் கழுத்தை நெரிக்கத் தொடங்கினார். அப்பாவின் குதிகால்கள் ரோட்டைத் தேய்த்தன. அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கும்.

நான் அங்கே ஓடுவதற்குள் மாமா மகன் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டான். "சண்ட பெருசுகளுக்கு. நீ வா புள்ள" என்று காரைப் பார்த்து இழுத்தான். கடித்தேன். அவன் அலறினான், ஆனால் விடவில்லை, இன்னொரு கையால் என் வாயிலேயே குத்தினான். பல் ஆடியது. வாயில் இருந்த ரத்தம் அவனுடையதா என்னுடையதா என்று தெரியவில்லை. கார்க் கதவு கையெட்டும் தூரத்தில் இருந்தது. அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். செத்தாலும் உள்ளே ஏறக் கூடாது என்று கதவில் காலை ஊன்றிக்கொண்டேன்.

அப்போதுதான் அம்மாவைப் பார்த்தேன். அவள் ஓடவில்லை, கத்தவில்லை. கட்டைப்பையைத் தரையில் வைத்து, முறுக்கு டப்பாவை எடுத்து மிதிபடாமல் ஓரமாக வைத்தாள். பிறகு பைக்குள் கையை விட்டு, அடியிலிருந்து லேப்டாப்பை எடுத்தாள். காய்ந்த சந்தனம் இன்னும் அதில் ஒட்டியிருந்தது. தட்டை வாங்கினாளே, அதே மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அண்ணன் பின்னால் போய் நின்றாள். தலைக்கு மேல் தூக்கி, விளிம்பு கீழே வரும்படி திருப்பி, அவர் உச்சந்தலையில் இறக்கினாள்.

மாமா திரும்பிப் பார்த்தார். யார் என்று தெரிந்ததும்தான் அவர் கை அப்பாவின் கழுத்திலிருந்து தளர்ந்தது. அம்மா மறுபடியும் அடித்தாள், இந்தத் தடவை நெற்றியில். திரை கழன்று ஒரு பக்கம் தொங்கியது. புருவத்துக்கு மேல் தோல் கிழிந்து ரத்தம் கண்ணை மறைத்தது.

"ஏத்தா... நீயா?" என்றார் மாமா. அந்தக் குரலில் கோபம் இல்லை. நம்ப முடியாத குரல்.

மாமா மகன் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். அவன் பிடி தானாக நழுவியது. அம்மா அண்ணனின் கையைப் பிடித்து அந்த உடைந்த லேப்டாப்பை அதில் திணித்தாள். பிறகு முந்தியில் இருந்த முடிச்சை அவிழ்த்தாள். கறுத்துச் சருகாகிப் போன வெற்றிலையும் பாக்கும். சாமி படத்துக்குப் பின்னால் இருந்ததை வீட்டிலேயே எடுத்து முடிந்துகொண்டு வந்திருக்கிறாள். சண்டை நடந்திராவிட்டாலும் வண்டியூருக்கே போய் இதைக் கொடுக்கத்தான் வந்திருக்கிறாள். பஸ்ஸில் அவள் மடியில் இருந்தது வெறும் முறுக்கு இல்லை. வெற்றிலை பாக்கை அவர் சட்டைப் பையில் போட்டு, வெளியே வராதபடி அழுத்தினாள்.

"வாங்குன கை குடுத்துருச்சுண்ணே. வெத்தல, பாக்கு, பெட்டி. எல்லாஞ் சரியா இருக்கா, பாத்துக்கங்க. தாம்பாளத்தப் பஸ்ஸுல ஏத்தி விடுறேன்."

மாமா எழுந்தார். ரத்தம் சட்டையில் சொட்டியது. லேப்டாப்பை ரோட்டில் விட்டெறிந்தார், அது சறுக்கிக்கொண்டு போய்ச் சாக்கடையில் நின்றது.

"நீ செத்தா ஒனக்குக் கோடி போட நா வர மாட்டேன்" என்று விரலை நீட்டிக் கத்தினார். "பொறந்த வீடு இல்லாத பொணமாக் கெடப்ப. பாத்துக்க."

எங்கள் பக்கம் ஒரு பெண் செத்துப்போனால், அண்ணனோ தம்பியோ பிறந்த வீட்டிலிருந்து கோடிச்சேலை கொண்டு வந்து மேலே போட்டால்தான் பாடை எழும்பும். இருக்கிறவளுக்கு அதைவிடக் கேடான சாபம் கிடையாது. அம்மா அதைக் கேட்டாள். முகத்தில் ஒரு அடி விழுந்தது போலக் கண்ணை மூடித் திறந்தாள்.

"வராட்டிப் போங்கண்ணே" என்றாள்.

அவர் போனார். அதற்குப் பிறகு ஒரு தடவைகூட வரவில்லை. அம்மா இப்போதும் இருக்கிறாள், காய்ச்சல் வந்தால்கூட அந்தப் பக்கத்திலிருந்து ஒரு போன் கிடையாது.

அப்பா கழுத்தைத் தடவிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். இருமினார். இருமலுக்கு நடுவில் சிரிப்பு. "பாத்தீகளா எம்பொண்டாட்டிய!" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். அம்மா அவர் பக்கம் திரும்பினாள்.

"நீ வாய மூடு. ஒனக்காகக் குடுக்கல."

அப்பா வாயை மூடினார். என் துணிமணிகளை ரோட்டிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி, தூசு தட்டி, பெட்டியில் போடத் தொடங்கினார்.

அம்மா என்னிடம் வந்தாள். அந்த அறைக்குப் பிறகு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள். முடிச்சு அவிழ்ந்த முந்தியால் என் வாய் ரத்தத்தைத் துடைத்தாள். என் தோளுக்கு மேலாக, கல்லூரிக்குள் போய்க்கொண்டிருந்த பிள்ளைகளைப் பார்த்தாள், அவர்கள் தோளில் தொங்கிய பைகளைப் பார்த்தாள், சாக்கடையில் கிடந்ததைப் பார்த்தாள்.

"பெட்டி போச்சேத்தா" என்றாள். "இனி நீ எதுல படிப்ப?"

கூடப் பிறந்தவனைத் தொலைத்துவிட்டு நின்றவளுக்கு அதுதான் கவலை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, அடிக்க ஆள் இல்லை, கடிக்க ஆள் இல்லை. அவள் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அத்தனை பேர் முன்னால், அந்த வாசலிலேயே ஓவென்று அழுதேன்.